பிருடையில் ஒரு பென்சில் கோடு

கிணற்றடியில் குருவம்மாள் போட்டோப் பிளேட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அகன்ற மண்சட்டியில் வெந்நீர். அதில் இரண்டு கை சலவைச் சோடா. கண்ணாடிப் பிளேட்டை ஊறப்போட்டு எடுத்தால், மேலே ஒட்டியிருக்கும் படம் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பும். தேங்காய் நாரால் ஒரு இழுப்பு. மாலையும் கழுத்துமாய் நின்ற மாப்பிள்ளை, பெண், தலைப்பாகைப் பெரியவர், பெஞ்சில் உட்காரவைத்த கைக்குழந்தை எல்லோரும் வாழைப் பாத்திக்கு ஓடினார்கள். மிஞ்சியது வெறும் கண்ணாடி. கோவில் வாசலில் சாமிப் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் அதை வாங்கிக்கொள்வார்.

"அந்த ஓரத்து அடுக்கைத் தொட்டுராத," என்றார் நாறும்பூநாதன், பின்வாசல் நிலையில் கை வைத்தபடி.

"தொடல. அது கடையநல்லூர்க்காரங்க அடுக்குல்லா," என்றாள் குனிந்தபடியே.

"என்ன சொல்லுதேன், கேக்கியா? அந்த ஓரத்து அடுக்கு."

குருவம்மாள் கையை உதறிவிட்டுத் திரும்பினாள். முகத்தை அவருக்கு நேராகக் காட்டி, வாயை நன்றாகத் திறந்து, "தொட மாட்டேன்," என்றாள். அவர் தலையாட்டினார்.

அந்த அடுக்கில் இருந்தவர்கள் பினாங்குக்குக் கப்பலேறும் முன்பு வந்து படம் எடுத்துக்கொண்ட ஆண்கள். யுத்தம் அந்தப் பக்கம் போன பிறகு அவர்களைப் பற்றித் தகவல் இல்லை. வீட்டுப் பெண்கள் யாரையாவது அனுப்பி இன்னொரு பிரதி கேட்பார்கள். அச்சுப் போடக் காகிதம் கிடைக்கவில்லை. ஆனாலும் கழுவ மனம் வரவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, வைகாசிக் கடைசி. நாறும்பூநாதனின் போட்டோ வியாபாரம் அன்றைக்குக் கிணற்றடியில் முடிந்துகொண்டிருந்தது. பிரிக்காத பிளேட்டுப் பெட்டி ஒன்றே ஒன்று அலமாரியில் இருந்தது. இனி அடுப்பு எரிய வேண்டுமென்றால் பாட்டுச் சொல்லிக்கொடுத்துத்தான் எரிய வேண்டும். அவருக்கோ காது கேட்கவில்லை. அது குருவம்மாளுக்கு மட்டும் தெரியும்.

நாறும்பூநாதன் மேலகரத்தில் பிறந்தவர். தாய்மாமா பிடில்காரர், பத்து வருஷம் அவரிடம் பாட்டும் அடியும் வாங்கினார். பிடில் கைக்கு வந்தபோது கச்சேரிக்குக் கூப்பிட ஆளில்லை. தென்காசியில் ஊமைப் படம் காட்டும் டென்ட் கொட்டகையில், திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிக்கிற வேலை கிடைத்தது. குதிரை ஓடினால் வேகமாக, கதாநாயகி அழுதால் முகாரி. ஒரு தடவை பெட்டியைப் பார்த்தே வாசித்துக்கொண்டிருந்துவிட்டார். தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் கத்தினான்: "வே வாத்தியாரே! அவ இன்னும் அழுதுக்கிட்டுக் கெடக்கா. நீரு அதுக்குள்ள குதிரையில ஏறிட்டீரே!" கொட்டகையே சிரித்தது. அதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். குருவம்மாளைக் கட்டியது அந்தக் காலத்தில்தான்.

பிறகு படம் பேச ஆரம்பித்தது. திரைக்குப் பக்கத்தில் ஆள் தேவைப்படவில்லை.

செங்கோட்டைக்கு மேற்கே மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பெரிய கிளார்க்கின் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போனார். இரண்டு மழைக்காலம் இருந்தார். இரண்டிலும் முறைக்காய்ச்சல். மாத்திரை கொடுக்கிறவன் கொயினா மாத்திரையைக் கை நிறையக் கொடுத்தான். இவரும் பிழைத்தால் போதுமென்று விழுங்கினார். காய்ச்சல் விட்டது. மருந்துச் சூட்டில் காதுக்குள் ஒரு சுவர்க்கோழி கத்த ஆரம்பித்தது. மலையைவிட்டு இறங்கினால் சரியாகிவிடும் என்றார்கள். இறங்கினார். சுவர்க்கோழியும் கூடவே இறங்கியது.

குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் வந்து படம் எடுக்கும் செல்லப்பா என்பவர், கூட்டம் சேர்க்கக் கடை வாசலில் ஆர்மோனியம் வாசிக்க இவரை வைத்துக்கொண்டார். வாசித்த நேரம் போக மீதி நேரத்தில் பிளேட்டுக் கழுவவும் முகத்தைப் பென்சிலால் திருத்தவும் பழகிக்கொண்டார். குளிக்க வந்தவர்களுக்கு அருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசை. அருவிக்குப் பக்கத்தில் போனால் சாரல் கேமராவின் கண்ணை மறைத்துவிடும். அதனால் செல்லப்பா செங்கோட்டைப் பெயிண்டர் ஒருவனைப் பிடித்து, ஐந்தருவியைப் படுதாவில் எழுதிவாங்கி அறைக்குள் தொங்கவிட்டிருந்தார். பெயிண்டர் ஆறு அருவி எழுதிவிட்டான்.

"ஒண்ணு கூடுதலா விழுதே, அண்ணாச்சி," என்றார் நாறும்பூநாதன் முதல் நாளே.

"விழட்டும்வே. எவன் எண்ணப் போறான்? தண்ணி கூடினா சனம் சந்தோசம்தான் படும்."

யாரும் எண்ணவில்லை. அசல் அருவி கால் நாழிகைத் தூரத்தில் கொட்டிக்கொண்டிருக்க, ஈரத் தலையோடு வந்து துணி அருவிக்கு முன்னால் நின்றார்கள்.

செல்லப்பாவின் நெஞ்சுக்குச் சாரல் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஆவணியில் கேமராவையும் படுதாவையும் இவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அடுத்த ஏழெட்டு வருஷம்தான் குருவம்மாள் கொஞ்சம் மூச்சு விட்ட காலம். சீசனில் குற்றாலம், மற்ற மாதங்களில் தென்காசி வீட்டு முன்னறையில் படம். சாயங்காலங்களில் இரண்டு மூன்று வீடுகளில் பாட்டு. கேமராவுக்குக் காது வேண்டாம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டால் அங்கே யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. காதிலிருந்து முதலில் மேல் ஸ்வரங்கள் போயின. பிறகு கீழே உள்ளவை. அதற்கும் பிறகு, முதுகுப் பக்கம் இருந்து பேசுகிறவர்களின் பேச்சு. உதட்டைப் பார்த்து வார்த்தையைப் பிடிக்கிற பழக்கம் தானாக வந்துவிட்டது.

யுத்தம் வந்து பிளேட்டு வரவு நின்றது. காது இருந்தபோது கொட்டகை போயிற்று. காது போன பிறகு கேமரா போயிற்று.

மிச்சமிருந்ததில் முக்கியம் இலஞ்சியில் நம்பிராஜன் வீடு. வயலும் தோப்பும் உள்ள குடும்பம். ஒரே மகள் ஆவுடைத்தாய்க்குப் பதினேழு வயது. நல்ல சாரீரம்; ஐந்து வருஷமாக நாறும்பூநாதன்தான் வாத்தியார். அந்த வீட்டை வைத்துத்தான் மற்ற இரண்டு வீடுகளும். இலஞ்சியில் நின்றுபோனால் அங்கேயும் நின்றுபோகும்.

யோசனை குருவம்மாளுடையது. அவளும் கூடவே வர ஆரம்பித்தாள். இலஞ்சி வீட்டில் பிச்சிக்கொடி நிறையப் பூக்கும். "சும்மாதான இருக்கேன், கட்டித் தாரேன்," என்று தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு வாத்தியாருக்கு எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். ஒரு ஸ்வரமும் அவளுக்குப் பெயர் சொல்லத் தெரியாது. ஆனால் அடுக்களையில் இருந்தபடி இத்தனை வருஷம் கேட்ட காது. ரசத்தில் உப்புக் குறைந்தால் தெரிகிற மாதிரி, பாட்டில் எங்கே குறைகிறது என்று தெரிந்துவிடும். தெரிந்ததும் பூக் கட்டுகிற விரல் நிற்கும். வாத்தியார் உடனே, "நில்லு. திரும்பப் பாடு," என்பார்.

"இம்புட்டுப் பிசகினாலும் விட மாட்டேங்காரே," என்று ஆவுடைத்தாயின் அம்மா முத்துவடிவு அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள்.

ஒரு நாள் குருவம்மாளுக்குக் காய்ச்சல். அவர் தனியாகப் போனார். ஆவுடைத்தாய் ஒரு இடத்தில் தெரியாமல் சறுக்கினாள். திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தாள். "பேஷ்," என்றார். அவள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த அடியை வேண்டுமென்றே கோணலாகப் பாடினாள். அதற்கும் பேஷ். அவள் கண் சுவரோரம் காலியாகக் கிடந்த இடத்துக்குப் போய்த் திரும்பியது. அதற்குப் பிறகு சரியாகவே பாடினாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனியில் அம்பாசமுத்திரத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. படித்த பையன், நல்ல இடம். முத்துவடிவு இரண்டு நாள் முன்பு வாத்தியாரையும் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"அன்னைக்குப் பெட்டி வேண்டாம், வாத்தியாரய்யா. பிடிலக் கொண்டாங்க. மாப்பிள்ளைக்குப் பெரியப்பாக்குப் பிடில்னா உசுராம்."

ஆர்மோனியம் என்றால் கட்டையை அமுக்கினால் போதும். அது எப்போதும் சொன்னதைச் சொல்லும். பிடிலை அவர் தொட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. "பழக்கம் விட்டுப் போச்சே," என்றார்.

"உங்களுக்கா? போங்க!" முத்துவடிவு சிரித்தாள். பிறகு குருவம்மாள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க தப்பா நெனைக்கக் கூடாது, அக்கா. நல்ல காரியம் பாருங்க. வாரவங்க பழைய ஆளுக. அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்..."

குருவம்மாள் பெற்றது இரண்டு. இரண்டும் நிலைக்கவில்லை. பிள்ளை தங்காதவள் பெண் பார்க்கிற சபையில் எதிரே இருக்கக் கூடாது. இந்த வழக்கத்தை அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வேறு வீடுகளில் அவளே சொல்லாமல் பின்கட்டுக்குப் போகிறவள்தான்.

"இதுல என்ன இருக்கு. நான் வரல," என்றாள். கட்டிக்கொண்டிருந்த சரத்தை முடித்துத்தான் எழுந்தாள்.

பெண் பார்க்க வரும் அன்று காலையில் வீட்டில் பிடிலைச் சுருதி கூட்டினார்கள். குருவம்மாள் ஆர்மோனியத்தில் அவர் காட்டிய கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தினாள். அவர் தந்தியைச் சுண்டிச் சுண்டி, அது சுற்றியிருக்கும் மர முளையை, பிருடையை, முறுக்கினார். தந்தியும் பெட்டியும் ஒன்றானபோது அவள் கை இறங்கியது. நாலு தந்திக்கும் இதே மாதிரி. பிறகு முகம் திருத்துகிற பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பிருடையிலிருந்தும் அது செருகியிருக்கிற மரத்தின் மேல்வரை ஒரு சன்னக் கோடு போட்டார். வழியில் பிருடை இளகினாலும் கோட்டோடு கோட்டைச் சேர்த்துவிட்டால் போதும்.

"பயப்படாதீங்க," என்றாள் அவர் முகத்துக்கு நேராக.

"எனக்கென்ன பயம்? கோடு போட்டாச்சு."

அவள் பிடிலைக் கேமராவின் கறுப்புத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

இலஞ்சிக்குப் போகும் வழியெல்லாம் சாரல். வெயிலும் தூறலுமாக, ஒரு பக்கம் நனைத்து ஒரு பக்கம் காயவைத்தது. நம்பிராஜன் வீட்டுக் கூடத்தின் ஜன்னல்கள் திறந்திருந்தன. மலைக் காற்று ஈரத்தை நேரே உள்ளே கொண்டுவந்து கொட்டியது. ஜமக்காளம்கூடக் கைக்குச் சில்லென்றிருந்தது. நாறும்பூநாதன் பிடிலை எடுத்து நாலு கோட்டையும் பார்த்தார். ஒன்று மயிரிழை விலகியிருந்தது, சேர்த்துவைத்தார். பிருடையைத்தான் அவர் குறித்துவைத்திருந்தார். ஆட்டு நரம்புத் தந்தி ஈரம் குடித்தால் பிருடை அசையாமலே சுருதி போய்விடும். மாமாவிடம் அடிவாங்கிக் கற்ற முதல் பாடம் அது. காது இருந்தவரை அதைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆவுடைத்தாய் அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்கு நமஸ்காரம் பண்ணிவிட்டு உட்கார்ந்தாள். பட்டுப் பாவாடை தாவணியில் ஒடுங்கித் தெரிந்தாள். பாட்டை அவள்தான் எடுத்தாள். ஐந்து வருஷமாகப் பாடிய அதே சுருதியில் எடுத்தாள். பிடில் சேர்ந்தது.

முதல் அடியிலேயே அவள் கண் வாத்தியாரிடம் போனது. அவர் வில்லை நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தார். அவள் குரலைப் பிடிலோடு கொண்டுபோய்ச் சேர்த்தாள். சேர்ந்தபோது பாட்டு அவள் தொண்டையை விட்டு நழுவியது. மறுபடி தன் இடத்துக்கு வந்தாள். பிடில் வேறிடத்தில் இருந்தது. இப்படி இரண்டுக்கும் நடுவில் போய்வந்து, சரணத்தில் ஒரு இடத்தில் குரல் அப்படியே நின்றுவிட்டது. பிடில் மட்டும் தனியே நாலு ஸ்வரம் போன பிறகுதான், வாய் அசையாததைப் பார்த்து நிறுத்தினார்.

கூடத்தில் இருந்தவர்கள் இரண்டு முகங்களைப் பார்த்தார்கள். வாத்தியார் முகத்தில் சந்தேகமே இல்லை. பிள்ளையின் முகம் வெளிறி, மேலுதடு வேர்த்திருந்தது. பிடில் என்றால் உயிர் என்ற பெரியப்பாவும் அந்த இரண்டு முகங்களை வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னார். கை கழுவ எழுந்தபோது நம்பிராஜனிடம், "வித்வான் பாவம், இழுத்து இழுத்துப் பிடிக்காரு. பிள்ளைக்குச் சுருதி நிக்கல பாத்தீயளா," என்றார். இரண்டாவது காப்பி வேண்டாம் என்றுவிட்டார்கள். சேதி சொல்லியனுப்புகிறோம் என்றவர்கள் சொல்லியனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குருவம்மாள் பிடிலைப் பிரித்தாள். பெட்டியில் கட்டையை அமுக்கிக்கொண்டு தந்தியை விரலால் சுண்டினாள். இன்னொரு தந்தி. பிறகு அவர் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"இதோடயா வாசிச்சீய?"

அவர் கோடுகளைக் காட்டினார். "எல்லாம் சேந்துதான் இருக்கு, பாரு."

"கோடு சேந்திருக்கு."

அவர் நரம்பைத் தடவினார். நகத்துக்கு அடியில் அது புழுவைப் போல் மெத்தென்றிருந்தது. "சாரல்," என்றார்.

"பிள்ளை பேர்ல பழி விழுந்திருச்சா?"

அவர் பிடிலை மறுபடி கறுப்புத் துணியில் சுற்றினார்.

"போய்ச் சொல்லிட்டு வந்திருங்க. இப்பமே."

"என்னன்னு? எனக்குக் காது கேக்கலன்னா? எத்தனை வருசமான்னு கேப்பாங்க, குருவு. அஞ்சு வருசமும் ஏமாத்தினேன்னு ஆவும்."

குருவம்மாள் அடுக்களைக்குப் போய், உலை வைக்க அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். கை பானையின் அடிவரை போயிற்று. வெளியே வந்தவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பயந்ததுபோல் வேலை போகவில்லை. அதுதான் விசேஷம். அடுத்த வாரம் முத்துவடிவு, "இன்னும் ரெண்டு நாள் கூட வாங்க, வாத்தியாரய்யா. உங்க மானத்தையும் சேத்து வாங்கிட்டாளே, மூதி. கையில பெரம்பு வச்சிக்கிட்டுச் சொல்லிக்குடுங்க," என்றாள். மகள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். நாறும்பூநாதன் முத்துவடிவின் உதட்டிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "பாப்போம்," என்று மட்டும் சொன்னார். சுவரோரம் குருவம்மாளின் விரல் நின்றது. யாரும் பாடிக்கொண்டிருக்கவில்லை.

ஊரில் பேச்சு வளர்ந்தது. சபையில் வாயடைத்துப் போன பெண். தொண்டையில் ஏதோ கோளாறு. திக்குவாய் என்றும் ஒருத்தி சொன்னாள். சுரண்டையிலிருந்து வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. ஆவணியில் நம்பிராஜனுக்கு யாரோ திருவேங்கடத்தில் ஒரு இடம் சொன்னார்கள். பருத்திக் காட்டுக்காரர், முப்பத்தெட்டு வயது, மூத்தாள் செத்து இரண்டு பிள்ளைகள். அவர்கள் பாட்டுக் கேட்க மாட்டார்கள். படம் ஒன்று அனுப்பினால் போதும் என்றார்கள்.

அலமாரியில் இருந்த கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு பிளேட்டை நாறும்பூநாதன் எடுத்தார்.

முத்துவடிவு மகளை மாட்டுவண்டியில் கூட்டிவந்தாள். "வாய மூடிக்கிட்டு லெச்சணமா உக்காரு. அது போதும்," என்று சொல்லிவிட்டு, மோர் குடிக்க அடுக்களைப் பக்கம் போனாள். அங்கே குருவம்மாள் அவளுக்கு மணை போட்டாள்.

முன்னறையில் ஆவுடைத்தாய் முக்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் படுதாவின் ஆறு அருவிகளும் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. மடிப்பு விழுந்த இடங்களில் சாயம் உதிர்ந்து தண்ணீர் துண்டு துண்டாக இருந்தது.

"மோவாயைக் கொஞ்சம் தாத்து. ஆங். அசையாத," என்றார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் அவள் தலைகீழாகத் தெரிந்தாள். மேலே முக்காலி, கீழே வகிடு. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி முகத்தைத் தெளிவாக்கினார். கண் தெளிந்தது. மூக்குத்தி தெளிந்தது. உதடு தெளிந்தபோது அது அசைந்துகொண்டிருந்தது.

அசையாதே என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். எத்தனையோ வருஷமாக உதடுகளைப் படித்துப் பிழைக்கிறவர். முதல் தடவை சொன்னது பிடிபடவில்லை. அவள் மறுபடியும், மெதுவாக, குருவம்மாள் சொல்கிற மாதிரி வாயைத் திறந்து சொன்னாள். இந்தத் தடவை தலைகீழாகவும் புரிந்தது.

"சார்வாள். அன்னைக்குத் தப்புனது நானா, பிடிலா?"

அவர் துணிக்குள்ளேயே இருந்தார்.

"எங்க அம்மைட்ட சொல்ல வேண்டாம். எங்கிட்டச் சொல்லுங்க. அது போதும்."

துணிக்குள் புழுக்கமாக இருந்தது. பிடில் சுற்றிப் போன அதே துணி. நனைந்து காய்ந்த வாடை இன்னும் போகவில்லை. ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வெளியே வர வேண்டும்; அவள் முகத்தை நேராகப் பார்க்க வேண்டும். அவர் கை லென்ஸ் திருகைப் பிடித்து, ஏற்கெனவே தெளிவாக இருந்த முகத்தை இன்னும் கொஞ்சம் திருகியது. முகம் மங்கிப் புகையாயிற்று.

புகை எழுந்து நின்றது. கண்ணாடியின் மேலோரத்தில் அதன் பாதங்கள் நகர்ந்தன. கூரையில் நடக்கிற மாதிரி, படுதாவின் ஆறு அருவிகளையும் ஒவ்வொன்றாகக் கடந்து, ஓரத்துக்கு வந்து, வெளியே போயிற்று. பிளேட்டு அவர் பக்கத்தில் அதன் மர உறைக்குள் படம் விழாமல் அப்படியே இருந்தது. முக்காலி மட்டும் கால்கள் மேலே பார்க்கக் கண்ணாடியில் நின்றது. நாறும்பூநாதன் அதைப் பார்த்துக்கொண்டே துணிக்குள் இருந்தார்.